குளிர்ந்தால் விளக்கை ஏற்று

பொத். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், பொத்.

சத்தம் வந்த பக்கமாக வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள் தமயந்தி டீச்சர். கொல்லையில் புதிதாக வெட்டிய குழி. மரியசூசை தட்டிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் போட்டுக்கொண்டிருந்தார்.

நூலகத்து மாடியில் ஞாயிறுதோறும் அவள் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் அவர்தான் மூத்த மாணவர். டீச்சரே அவரைவிட ரொம்பச் சின்னவள். குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குத் தன் கையாலேயே புரோகிராம் எழுதி ஓட விட்டிருந்தார். இந்த வாரம் வகுப்புக்கு ஆளைக் காணோம்.

"மட்டம் போட்டுட்டு இங்க என்னண்ணே வேலை?"

அவர் திரும்பவில்லை.

"அத்தனையும் வெந்துபோச்சு டீச்சர். அலகு வச்சு, கால் வச்சு, எல்லாம் ஆயிருந்துச்சு."

"என்ன எழுதியிருந்தீங்க?"

"நீங்க சொல்லிக்குடுத்ததுதான். இத்தனை நாள் கையாலதான் ஏத்தி அணைச்சேன், நேத்து ராத்திரிதான் அதுகிட்ட விட்டேன். சூடு குறைஞ்சா விளக்கை ஏத்து. விடியக்காலம் குளுந்துச்சு, ஏத்துச்சு. அப்புறம் வெயில் ஏறுது, பெட்டி கொதிக்குது, அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டே கெடக்கு. முட்டாள் மெஷினு."

"குறையலைன்னா?"

"குறையலைன்னா என்ன?"

"என்ன செய்யணும்னு எழுதுனீங்களா?"

"அதை வேற எழுதணுமா? அணைக்கணும்னு அதுக்கே தெரிய வேண்டாமா?"

"தெரியாதுண்ணே. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா, கடைசியா எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும்."

பொத்.

"ஸ்டெல்லா எப்படி இருக்கா?" என்றாள் டீச்சர்.

அடுத்த முட்டை அவர் கையிலேயே நின்றது. ஸ்டெல்லா அவருடைய ஒரே மகள். பட்டணத்தில் நர்சிங் படிக்கிறாள்.

"பரீட்சையில பெயிலாயிட்டாளாம். கூடப் படிக்கிற பிள்ளை சொல்லித்தான் எனக்கே தெரியும். லீவு விட்டு எல்லாப் பிள்ளையும் ஊருக்கு வந்துருச்சு. இவ வரவும் இல்ல, ஒரு போனும் இல்ல. கல்நெஞ்சக்காரி."

"அனுப்புறப்ப என்ன சொல்லி அனுப்புனீங்க?"

"என்ன சொல்லுவேன்? பாசானா வீட்டுக்கு வான்னேன்."

டீச்சர் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அதுக்காக? பெத்தவன் வேற எப்படிச் சொல்லுவான்? மத்ததை வேற வாயைத் திறந்து சொல்லணுமா? அவளுக்கே தெரிய வேண்..."

பேச்சு பாதியில் அறுந்தது. கையிலிருந்த முட்டையைக் குழியில் போடாமல் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். டீச்சரும் பின்னாலேயே போனாள். தீவன மூட்டைமேல் லேப்டாப் திறந்திருந்தது. ஒரு விரலால் தேடித் தேடி அடித்தார். இல்லாவிட்டால், விளக்கை அணை.

காலிப் பெட்டிக்குள் விளக்கு அணைந்தது.

அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். போன் பக்கத்திலேயே கிடந்தது.

"ஒரு வரிதானா டீச்சர்?"

"ஒரு வரிதாண்ணே."

போனை எடுத்தார். திரையைத் துடைத்தார். கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்த் தட்டைத் தூக்கினார்.

பொத்.