சடைச்சியின் மூச்சை எண்ணிய அணில்

மூங்கில் காட்டில் சடைச்சி என்றொரு கரடி இருந்தாள். எட்டு நாளாக அவளுடைய கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. காரணம் காட்டுக்கே தெரியும். எந்தத் தேனடையைக் கண்டாலும் விடமாட்டாள். தின்று முடித்து ஒரு வாய் தண்ணீர் கொப்பளிக்கவும் மாட்டாள்!

கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கறையான் புற்றில் வாய் வைக்க முடியவில்லை. முதுகில் சவாரி செய்யும் இரண்டு குட்டிகளான மொட்டும் தம்பி பொம்மனும் அரை வயிற்றோடு சிணுங்கினார்கள்.

"பல்லைப் பிடுங்கிடலாம்மா!" என்றாள் மொட்டு.

அந்தப் பேச்சை எடுத்தாலே சடைச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். சின்ன வயதில் ஒரு முள்ளம்பன்றி அவள் பல்லைப் பிடுங்கிய பிடுங்கலை அவள் இன்னும் மறக்கவில்லை. கரடிக்குக்கூடப் பயமா என்று சிரிக்காதீர்கள். உடம்பு பெரிதாக இருந்தால் வலி சிறிதாகிவிடுமா?

"தூங்க வச்சுப் பிடுங்குறவங்க இருந்தா வர்றேன். இல்லன்னா இந்தப் பல்லோடயே கிடந்துட்டுப் போறேன்!" என்றாள்.

அப்படிப்பட்டவர்கள் அந்தக் காட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மருத மரத்து மரங்கொத்தி வைத்தியர். இன்னொருவன் பாறை இடுக்கில் புதிதாகக் கடை விரித்த செம்பன் நரி.

சடைச்சி முதலில் மரங்கொத்தியிடம் போனாள். மலைக்கு அந்தப் பக்கம் ஏழு மழைக்காலம் தங்கி வைத்தியம் படித்தவர் அவர். வைத்தியம் பார்க்கலாம் என்று காட்டுச் சபை தந்த முத்திரை அவருடைய மரத்தில் இருந்தது. யானைத் தலைவர் தன் தந்தத்தால் ஆழமாகக் குடைந்தது. பொம்மன் அதைத் தடவித் தடவி விளையாடினான்.

வைத்தியர் வாயைப் பார்த்தார். பிறகு கேள்விகளை ஆரம்பித்தார்.

"எடை எவ்வளவும்மா? வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா? கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? தூங்கும்போது குறட்டை விடுவீங்களா?"

"குறட்டையா? நானா?" என்று சடைச்சி முறைத்தாள். குட்டிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் விடும் குறட்டையில் மூங்கில் இலை ஆடும்!

"இவங்க வரியம்மா" என்று வைத்தியர் ஓர் அணிலைக் காட்டினார். "நான் பல்லைப் பார்ப்பேன். நீங்க தூங்கி எழுந்திருக்கிற வரைக்கும் இவங்க உங்க நெஞ்சுமேல உட்கார்ந்து மூச்சை எண்ணுவாங்க. வேற வேலை எதுவும் பார்க்கமாட்டாங்க."

சடைச்சிக்கு எரிச்சல் வந்தது. "பல்லைப் பிடுங்க ஒருத்தர், மூச்சை எண்ண ஒருத்தரா? பொண்ணு பார்க்க வந்தமாதிரி இத்தனை கேள்வி வேற! வாங்கடா குட்டிங்களா, போவோம்!"

வழியில் பக்கத்து வளை முயல் எதிரே வந்தது. அது நரியிடம் பல் பிடுங்கி மூன்று நாளாகியிருந்தது. இன்னும் கண் சொருக, ஒரு மரத்தில் முட்டி, அந்த மரத்திடமே மன்னிப்புக் கேட்டது.

"அடேயப்பா! மூணு நாளா மயக்கம் தெளியல! மருந்துன்னா அதுதான் மருந்து!" என்று சடைச்சி வியந்தாள். வலி வந்தவளுக்கு யோசனை எங்கே வரப்போகிறது?

சடைச்சி நேரே போய் நின்ற பாறை இடுக்கிலும் ஒரு சபை முத்திரை இருந்தது. செம்பன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். "வாங்கக்கா! ஒரு கேள்வியும் கிடையாது. குடிங்க, தூங்குங்க, எழுந்திரிங்க. அவ்வளவுதான்!"

"எடை?" என்று கேட்டாள் சடைச்சி.

"அதெல்லாம் கண்ணாலயே அளந்துடுவேன்க்கா!"

சடைச்சிக்கு மனம் குளிர்ந்தது. நரி கொட்டாங்குச்சியில் மயக்கக் கஷாயத்தை ஊற்றி நீட்டினான். அவள் அதை வாயருகே கொண்டுபோனாள்.

"நரி மாமா, அம்மா தூங்கும்போது மூச்சை யாரு எண்ணுவாங்க?" என்று கேட்டாள் மொட்டு.

"மூச்சை எதுக்கும்மா எண்ணணும்? அது தானா வரும், தானா போகும்!"

"வரலன்னா?"

நரியின் வால் ஒரு கணம் ஆடாமல் நின்றது. "நல்ல காரியம் நடக்கிற இடத்துல இப்படியா பேசறது? சீக்கிரம் குடிங்கக்கா, வெளியில நாலு பேரு காத்திருக்காங்க!"

வெளியில் ஒருவரும் இல்லை. அந்த நேரம் பொம்மன் தன் கையைத் தூக்கிக் காட்டினான். "அம்மா, இந்த முத்திரை கையில ஒட்டுது!"

கை முழுக்கச் செம்மண்! நரியின் பாறையில் இருந்த சபை முத்திரை, காலையில் குழைத்துப் பூசிய சேறு. சடைச்சி கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தாள். குட்டிகள் இரண்டையும் முதுகில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மருத மரத்தடியில் வந்து தலையைக் குனிந்து நின்றாள். "வைத்தியரே, பொய் சொல்லிட்டேன். நான் குறட்டை விடுவேன். இங்க வர்றதுக்கு முன்னாடி வழியில ஒரு தேனடையும் தின்னேன்."

மரங்கொத்தி கோபிக்கவில்லை. "சொன்னீங்களே, அது போதும். வயித்துல ஏதாவது இருக்கும்போது மயக்க மருந்து தரக்கூடாது. வலிக்கு இப்போ இந்தச் சாற்றைத் தடவுங்க. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க."

மறுநாள் காலை வந்தாள். வைத்தியர் அவள் எடைக்குத் தக்கபடி மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணிக் கொடுத்தார். வரியம்மா நெஞ்சில் ஏறி அமர்ந்து, "ஒண்ணு… ரெண்டு…" என்று ஆரம்பித்தாள். மூன்று சடைச்சியின் காதில் விழவில்லை.

கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. நாக்கால் துழாவினாள். பல் இல்லை, தெறிப்பும் இல்லை! ஆனால் இடது காது மட்டும் சுரீரென்றது.

"காதுல என்ன?"

மொட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வரியம்மா எண்ணிக்கிட்டே இருந்தாங்கம்மா. நாப்பத்தொண்ணு வந்துச்சு. நாப்பத்திரெண்டு வரவே இல்ல! அவங்க கத்திக்கிட்டே உன் காதைக் கடிச்சாங்க. வைத்தியர் பல்லை விட்டுட்டு உன் தாடையைத் தூக்கிப் பிடிச்சாரு. அப்புறம்தான் வந்துச்சு!"

"குறட்டை விடுறவங்களுக்கு நாக்கு பின்னால சரிஞ்சு வழியை அடைக்கும்மா" என்றார் மரங்கொத்தி. "நீங்க உண்மையைச் சொன்னதால தயாரா இருந்தோம்."

சடைச்சி குட்டிகள் இரண்டையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தப் பாறை இடுக்கை நினைத்துப் பார்த்தாள். அங்கே நாற்பத்திரண்டு வராமல் போயிருந்தால், இந்த இரண்டு குட்டிகளும் இன்றைக்கு யார் முதுகில் ஏறுவார்கள்? கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

வரியம்மாவைத் தன் பெரிய உள்ளங்கையில் மெல்ல ஏந்திக்கொண்டாள். "உங்களைப் போய் எதுக்குன்னு கேட்டேனே தாயி! இந்தக் காதுல இருக்கிற தழும்பு மறையவே வேண்டாம். தடவிப் பார்க்கிறப்பெல்லாம் உங்களை நினைச்சுக்குவேன்!"

"முதல்ல தேன் தின்னதும் வாயைக் கொப்பளிங்க!" என்றாள் வரியம்மா.

அன்று மாலையே சடைச்சி முயலைக் கைத்தாங்கலாக மருத மரத்துக்கு அழைத்து வந்தாள். செம்பனின் செம்மண் முத்திரை அடுத்த மழையில் கரைந்தது. அவனும் இரவோடு இரவாக இடத்தைக் காலி செய்தான்.

வலியில்லாமல் தூங்க வைக்கிறேன் என்று சொல்பவரிடம் உடம்பை ஒப்படைக்கும் முன், அவர் எங்கே கற்றார், நாம் தூங்கும்போது நம் மூச்சைக் காப்பவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.