மஞ்சள் கவர்

தொட்டில் மலையில் பாதி தூரம் ஏறினால் ஒரு சுனை வரும். சுனைக்குப் பக்கத்தில் தகரம் வேய்ந்த சின்ன மடம். அங்கே மயிலாத்தாள் என்று ஒரு சாமியம்மா இருந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த நாச்சிமுத்துவுக்கோ தலை முழுக்க நரை. கீழே டவுனில் மளிகைக்கடை வைத்திருந்தவர். மனைவி சரசாத்தாள் கண்ணை மூடியதும் கடையை மகனிடம் விட்டுவிட்டு மலையேறிவிட்டார்.

சீடர் குருவைச் சாமி என்பார். குரு சீடரை அண்ணா என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் வராது.

அது சித்திரை மாசம். உச்சியில் இருக்கிற ஈசனைப் பார்க்க ஜனம் ஏறிக்கொண்டே இருந்தது. விடிந்ததும் தண்ணீர் மொள்ளப் போன நாச்சிமுத்து குடத்தைக் கீழே போட்டுவிட்டு, "சாமி! சாமி!" என்று கத்தினார்.

சுனையோரம் கடமான் ஒன்று செத்துக் கிடந்தது.

அந்தப் பெண் மானை இரண்டு பேருக்கும் தெரியும். குட்டியைக் கூட்டிக்கொண்டு தினமும் பொழுது சாயத் தண்ணீர் குடிக்க வரும். கொஞ்ச நாளாக அதன் வயிறு பெருத்துப் போயிருந்தது. மேய்ச்சலும் இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். "மறுபடியும் சினையாட்ட இருக்குதுங்க சாமி. மசக்கை, அதான் எதையும் திங்க மாட்டேங்குது" என்று நாச்சிமுத்து சந்தோஷமாகச் சொன்னார். சாமியம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்.

இப்போது அந்த வயிறு கிழிந்து கிடந்தது. செந்நாய்கள் வந்து போயிருக்கின்றன. வயிற்றுக்குள்ளிருந்து வெளியே வந்து விழுந்திருந்தது குட்டி இல்லை. பிளாஸ்டிக் கவர்கள். ஒன்றை ஒன்று சுற்றி, இறுகி, பழம்புளி உருண்டை மாதிரி கறுத்து, ஆள் தலையைவிடப் பெரிய கட்டியாக இருந்தது. கறியைத் தின்ற செந்நாய்கள் அதை மட்டும் இழுத்து அந்தப் பக்கம் போட்டுவிட்டுப் போயிருந்தன.

குட்டி புதரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

சாமியம்மா மானின் தலைமாட்டில் உட்கார்ந்தார். திறந்திருந்த கண்ணை மூடப் பார்த்தார். மூடவில்லை. கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

"யாருங்க சாமி இதைப் பண்ணினது?" என்றார் நாச்சிமுத்து.

சாமியம்மா மானின் முகத்தில் மொய்த்த ஈயை ஓட்டினார். நாச்சிமுத்து விடவில்லை.

"வாயில்லாச் சீவனுங்க. இந்தப் பாவம் யாரைங்க போய்ச் சேரும்? நீங்களே சொல்லுங்க."

அவருக்குப் பதற்றம் அடங்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

சரசாத்தாள் உயிரோடு இருந்தபோது ஒரு தரம் விரதம் இருந்து இந்த மலை ஏறினாள். வழியில் மயங்கி விழுந்துவிட்டாள். யாரோ ஊர் பேர் தெரியாத ஒருத்தர் எலுமிச்சம் சோற்றுப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தார். அதைத் தின்றுதான் எழுந்து நடந்தாள். "இந்த மலையில பசின்னு ஒருத்தரும் உக்காரக் கூடாதுங்க" என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் வருசா வருசம் அவள் நினைவு நாளில் நாச்சிமுத்து மலை ஏறுகிறவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுப்பார். இலையில் கட்டினால் ஏறுகிற வழியில் பிரிந்து கொட்டிவிடுகிறது என்று கவரில் போட்டார். நல்ல மஞ்சள் கவர். அதில் "சரசாத்தாள் நினைவாக" என்று சிவப்பில் அச்சடித்திருக்கும்.

நாளைக்குத்தான் அந்த நாள். புதுக் கவர்கள் மூட்டையாக மடத்துக்குள் இருந்தன. சாயங்காலம் மகன் அரிசியும் எலுமிச்சம் பழமும் ஆள் வைத்து ஏற்றி அனுப்புவான்.

அந்த உருண்டைக்குள் மஞ்சள் இருக்குமோ? அதைத்தான் அவரால் கேட்க முடியவில்லை. அதனால் யார் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாமியம்மா எழுந்துபோய்க் கீழே கிடந்த குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார்.

"கழுவிப் பாருங்கண்ணா."

நாச்சிமுத்து மடத்துக்குள் போய்ப் புதுக் கவர் ஒன்றை உருவி மடியில் செருகிக்கொண்டு வந்தார். வயிற்றுக்குள் கிடந்தது நிறம் மாறியிருக்கும், ஒத்துப் பார்க்க வேண்டும் என்று. பிறகு குத்தவைத்து உட்கார்ந்து உருண்டையைப் பிரிக்கத் தொடங்கினார்.

சூடம் வந்த கவர். சிப்ஸ் பாக்கெட். ஊறுகாய் உறை. பிள்ளைகளுக்குப் பால் கரைக்கிற பவுடர் உறை. ஜவுளிக்கடைப் பை ஒன்று, காது அறுந்து. ஒவ்வொன்றாகப் பிய்த்து, அலசி, விரித்துப் பார்த்துப் பாறைமேல் போட்டார். நாற்றம் தாங்கவில்லை. மேல்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து நாலைந்து பையன்கள் ஏறி வந்தார்கள்.

"என்ன பெருசு, மான்கறியா? காலங்காத்தால பங்கு பிரிக்கற. எங்களுக்கும் ஒரு கூறு வையி!"

"சாமி மலைடா, வாயைக் கழுவு" என்று இன்னொருத்தன் சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். கிட்டே வந்து பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நாச்சிமுத்துவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சிரிங்கடா. ஏன் நிறுத்திட்டீங்க? நீங்க தின்னுபோட்டு வீசினதுதான் இது. நல்லாப் பாத்துட்டுப் போங்க!"

"யோவ், நாங்க இந்த வருசந்தான் மொதல்மொதல்ல வர்றோம். போன வருசம் வந்தவனப் போய்க் கேளு."

"எம் பாட்டில் எம் பையில பத்திரமா இருக்குது. பாத்துக்க!"

"அடிவாரத்துல கடைக்காரன் கையில திணிக்கறான். அவன் விக்காட்டி நாங்க ஏன் வாங்கறோம்?"

கடைக்காரன் என்றதும் நாச்சிமுத்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். மகன் கடையில் வாசல் முழுக்கத் தொங்குகிற சரம் சரமான பாக்கெட்டுகள் கண் முன்னால் வந்து போயின.

சாமியம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பையன்களின் உள்ளங்கையில் ஊற்றினார். குடித்துவிட்டு ஏறிப் போனார்கள்.

"பாத்தீங்களா சாமி? ஒருத்தனாச்சும் ஒத்துக்கறானா பாருங்க."

"தண்ணி பத்துமாங்கண்ணா? இன்னொரு குடம் கொண்டாரட்டுமா?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் பிரித்தார். உருண்டை சிறுத்துக்கொண்டே வந்தது. நடுவில், எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு ஓரம் மஞ்சளாகத் தெரிந்தது.

அவர் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "சரசு" என்று உதடு மட்டும் அசைந்தது. பிறகு மெதுவாக இழுத்தார். வெளியே வந்ததைத் தண்ணீரில் முக்கி, தேய்த்து, விரித்தார். மடியில் இருந்த புதுக் கவரை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இது வேறு மஞ்சள். எழுத்தும் வேறு. யாரோ பூசைக்குக் கொண்டுவந்த மஞ்சள்தூள் கவர்.

மிச்சம் இருந்ததையும் பரபரவென்று பிரித்துவிட்டார். இல்லை.

"சாமி, நம்முளுது ஒண்ணுகூட இல்லீங்க!"

பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அவர் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

"நல்லாப் பாத்தீங்களாண்ணா?"

"ஒண்ணு விடாமப் பாத்தனுங்க சாமி. எல்லாம் அவனவன் போட்டது. நம்ம பேரு போட்டது ஒண்ணு இல்லை. அப்ப நாளைக்கு எப்பவும்போலச் சோறு கட்டலாங்களா?"

சாமியம்மா பாறைமேல் காய்ந்துகொண்டிருந்த கவர்களைப் பார்த்தார். மானைப் பார்த்தார். பிறகு புதர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

"குட்டி இன்னும் அங்கயேதான் நிக்குது. அதுகிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்துருங்க. உங்கம்மா வயித்துல இருந்தது நம்முளுது இல்லைன்னு."

நாச்சிமுத்து அவர் முகத்தைப் பார்த்தார். கேலியாகச் சொன்னது போலவும் இல்லை, கோபமாகச் சொன்னது போலவும் இல்லை. குரு சொன்னால் செய்ய வேண்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒத்துப் பார்த்த புதுக் கவர் கையிலேயே இருந்தது. புதரை நோக்கி நடந்தார்.

குட்டி பின்வாங்கி நின்றது. பால்குடி மறக்காத குட்டி. கால்கள் வெடவெடத்தன.

அவர் வாயைத் திறந்தார். என்னவென்று ஆரம்பிப்பது? கையை நீட்டினார். கையில் இருந்த கவர் சரசரத்தது.

குட்டியின் காது விறைத்தது. அந்தச் சத்தம் கேட்டால் தின்ன ஏதாவது கிடைக்கும் என்று தாய்க்குப் பின்னாலேயே வந்து அதுவும் பழகியிருந்தது. ஓட்டமும் நடையுமாக அவரிடமே வந்தது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது. நாக்கை நீட்டிக் கவரின் நுனியைத் தொட்டது.

நாச்சிமுத்து வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து சாமியம்மா கேட்டார்: "சொல்லீட்டீங்களாண்ணா?"

அவர் கவரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார். கவர் காற்றில் சரசரத்துக்கொண்டே இருந்தது. குட்டி அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றது.