எஞ்சினில் ஏறிய குதிரை

அந்தக் காலத்தில் ஆடு மாடெல்லாம் வாய்விட்டுப் பேசும். தன் பலத்தைத் தானே சொல்லிக்கொள்ளும், அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. எஞ்சினுக்கு மட்டும்தான் வாய் இல்லை. வினையே அங்கேதான் தொடங்கியது.

பாவாத்தாளுக்கு ஒரு மஞ்சள் காடும் ஓர் ஆழக் கிணறும் இருந்தன. அந்த வருடம் மழை கைவிட்டது. கிணற்றில் தண்ணீர் உண்டு, கடைசிப் பாத்திக்குத்தான் போய்ச் சேரவில்லை. மெதுவாக இறைத்தால் வாய்க்கால் மண்ணே பாதி வழியில் குடித்துவிடும். சால் என்கிற பெரிய தோல்பையால் நாழிகைக்கு முப்பது முறை இறைத்தால்தான் கடைசிவரை ஓடும். இது பாவாத்தாள் போட்ட கணக்கு, அவள் கணக்குத் தப்பாது.

கொல்லாசாரி காளியண்ணன் எஞ்சின் செய்து தர ஒப்புக்கொண்டார். ஆனால் எவ்வளவு பலத்துக்குச் செய்வது? பெரிசாக என்றால் எவ்வளவு பெரிசு? இருந்த இரும்போ ஒரே ஓர் எஞ்சினுக்குத்தான் காணும். தப்பினால் மஞ்சள் கருகிவிடும்.

"வாயுள்ளதை இறைக்கவிட்டு எண்ணிப் பார்ப்போம், ஆசாரியாரே" என்றாள் பாவாத்தாள்.

முதலில் யானை வந்தது. முப்பதென்ன, முந்நூறும் இறைப்பேன் என்றது. இறைத்தது, பொய்யில்லை. நடுநடுவே கரும்புக்குப் போய்வந்ததில், முப்பது முடியவே பொழுது சாய்ந்துவிட்டது. சால் கணக்குச் சரி, நேரத்தை யார் தருவது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காளை வந்தது. நாழிகைக்குப் பத்துச் சால். நாளெல்லாம் கேட்டாலும் பத்துதான் என்று சொல்லிவிட்டு அசைபோடப் போனது. 'மூன்று காளை' என்று எஞ்சின் இரும்பில் செதுக்க ஆசாரி உளியை எடுத்தார்.

குதிரைக்குப் பொறுக்குமா? ஓடி வந்து தானே வடத்தில் பூட்டிக்கொண்டது. மூச்சைப் பிடித்து, நுரை தள்ள, ஒரே நாழிகையில் பதினைந்து சால் இறைத்துவிட்டது. அப்படியானால் இரண்டு குதிரை போதும் என்றாள் பாவாத்தாள். ஆசாரியும் இரும்பில் அப்படியே வெட்டி, அந்தப் பலத்துக்கே எஞ்சினைச் செய்தார்.

எஞ்சின் ஓடியது. கடைசிப் பாத்தியும் நனைந்தது. பாவாத்தாள் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் ஒரு பாட்டம் அழுதாள்.

புது இரும்பு கிடைத்ததும், அடுத்த எஞ்சினுக்கு அளவெடுக்க ஆசாரி திரும்பி வந்தார். குதிரை மறுபடி இழுத்தது. ஒன்பது சாலுக்கு மேல் முடியவில்லை. காளை மென்றுகொண்டே இருந்தது.

குதிரை மெல்லக் கேட்டது: "பாவாத்தா, என் பேரை அழித்துவிடுவாயா? அன்றைக்கு இறைத்தது நிஜம்தானே?"

"நிஜம்தான். உன் பேரில்தான் என் மஞ்சள் பிழைத்தது, அழிக்க மாட்டேன். ஆனால் இனி ஒரு குதிரை என்றால் ஊருக்கே பதினைந்துதான். எவனாவது வந்து இறைத்துக் காட்டு என்றால் நீதான் காட்டணும்."

எவன் வந்தாலும் தயார் என்றது குதிரை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி!

உச்சி வெயிலில் காளை காலை மடக்கி நிழலில் படுத்துவிட்டது. குதிரைக்கும் கண் சொக்கியது. ஆனால் படுத்திருக்கும் நேரம் பார்த்து யாராவது கேட்டு வந்துவிட்டால்? அது நின்றபடியே கண்ணை மூடியது.

அன்று முதல்தான் மோட்டார் பலத்தை நாம் குதிரைக் கணக்கில் சொல்கிறோம். பேரைக் கொடுத்த குதிரையோ இன்னும் நின்றுகொண்டே தூங்குகிறது.