செவலையின் மடியில் சாரைக்குட்டி

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். குளக்கரையில் பெரிய அத்திமரம். அதில் ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்தது. அந்தக் கூட்டத்தில் செவலை என்றொரு மந்தி இருந்தது.

ஐப்பசி அடைமழையில் செவலையின் குட்டி குளிர் தாங்காமல் செத்துப்போனது. செத்த குட்டியைச் செவலை கீழே போடவே இல்லை. மரத்துக்கு மரம் தூக்கிக்கொண்டு திரிந்தது. கடைசியில் ஒரு நாள் கிளை தாவும்போது அது கை நழுவி வெள்ளத்தில் போய்விட்டது. அன்று முதல் தன் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று செவலைக்குத் தெரியவில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலை. வெள்ளம் ஒதுக்கிய சருகுக் குவியலில் ஏதோ நெளிந்தது. சாரைப்பாம்புக் குட்டி! முட்டையை விட்டு வந்து அதிக நாள் ஆகியிருக்காது. பாம்பைக் கண்டால் அலறி ஓடுவதுதான் குரங்குகளின் வழக்கம். ஆனால் செவலைக்கு அன்று பயம் வரவில்லை. எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. கைக்குள் ஏதோ உயிரோடு அசைந்தது. அது போதும் என்று இருந்தது.

கூட்டத்தின் தலைவனான கடுவன் பல்லைக் காட்டிச் சீறியது.

"உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? அதைத் தூக்கி எறி!"

"மாட்டேன். இது என் பிள்ளை!"

"அப்படியானால் பாம்போடு நீயே இரு. நாங்கள் போகிறோம்!"

சொன்னபடியே கூட்டம் அடுத்த மலைக்குப் போய்விட்டது. செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சாரைக்குட்டிக்கு உணவூட்டுவதே அதன் வேலையாயிற்று. பழுத்த அத்தியாகப் பார்த்துப் பறித்துப் பிளந்து வாயருகே வைத்தது. குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொழுந்து இலையை மென்று கொடுத்தது. வேண்டாம் என்றது. தேனீக்களிடம் கொட்டு வாங்கி, விரலில் தேன் தொட்டுவந்து நீட்டியது. தேன் குட்டியின் உதட்டில் ஒட்டி எறும்பு மொய்த்ததுதான் மிச்சம்.

"ஒரு வாய் சாப்பிடு கண்ணு!"

"பசிக்கிறது. ஆனால் சாப்பிட வரவில்லை. என்னைக் கீழே விடேன்!"

"கீழே ஈரம். பருந்து வரும், கீரி வரும். அம்மா மடியை விட்டு எங்கே போவாய்?"

"உன் மடியில் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. உன் நெஞ்சு அடிப்பது மட்டும்தான் கேட்கிறது."

இதைக் கேட்டுச் செவலை பூரித்துப்போனது. இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டது.

அத்திமரத்தின் வேரடி வளையில் மொச்சை என்ற எலி குடியிருந்தது. கண் திறக்காத குஞ்சுகளை அப்போதுதான் ஈன்றிருந்தது. செவலை மேலிருந்து பழம் உதிர்க்கும். மொச்சை பொறுக்கிக்கொள்ளும். அப்படியே இரண்டுக்கும் பழக்கமாகி, நாளாக நாளாக அக்கா தங்கை போல ஆகியிருந்தன.

"இன்றைக்கும் சாப்பிடவில்லையா அக்கா?" என்று வளை வாசலில் நின்றபடியே மொச்சை கேட்கும்.

"இல்லை தங்கச்சி. தோலும் எலும்புமாகிவிட்டது. என்னதான் கொடுப்பது? உனக்காவது தெரியுமா?"

மொச்சைக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் அது தலையைக் குனிந்துகொள்ளும்.

"எனக்கென்ன தெரியும் அக்கா! நெல் கொறிக்கும் சாதி."

இப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் குஞ்சுகளின் மேல் படுத்துக்கொள்ளும். பாம்பு அக்காவின் கையில் இருக்கிறவரை தன் பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளும்.

சாரைக்குட்டி நாளுக்கு நாள் தளர்ந்தது. பளபளப்பு போய்த் தோல் சுருங்கியது. நாக்கை நீட்டுவதுகூடக் குறைந்துபோனது. தொட்டால் சில்லென்று இருந்தது. இந்தச் சில்லிப்பைச் செவலை ஏற்கெனவே ஒருமுறை கையில் ஏந்தியிருந்தது.

அப்போது புதரிலிருந்து செம்போத்துப் பறவை ஒன்று தத்தித் தத்தி வந்தது. சிவந்த கண்ணை உருட்டிப் பார்த்தது.

"ஐயோ பாவம்! குட்டிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் பழத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாயே தாயே!"

"என்ன கொடுக்க வேண்டும்? சொல்லு! எங்கிருந்தாலும் கொண்டுவருகிறேன்!"

"தூரம் போவானேன்? உன் காலடியிலேயே இருக்கிறது. எலிக்குஞ்சு! கண் திறக்காத எலிக்குஞ்சு!"

செவலைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மொச்சையின் பிள்ளைகளா? என் வாயால் தங்கச்சி என்று கூப்பிட்டிருக்கிறேன்!"

"கூப்பிடு, யார் வேண்டாம் என்றது? நிறையக் குஞ்சுகள். ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்கப் போகிறாளா? உனக்கு இருப்பதோ ஒன்றே ஒன்று. இன்று பொழுது சாய்ந்தால் இதுவும் இருக்காது!"

அந்தக் கடைசிச் சொல் செவலையின் நெஞ்சில் தைத்தது.

மொச்சை வயல் பக்கம் இரை தேடிப் போயிருந்த நேரம். செவலை மரத்தைவிட்டு இறங்கியது. இடது கையால் சாரைக்குட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டது. வலது கையால் வேரடி மண்ணைத் தோண்டியது. உள்ளே வைக்கோல் தும்பும் பஞ்சும் பரப்பிய மெத்தை. அதன்மேல் இளஞ்சிவப்பாகக் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்து வாயைத் திறந்தன. செவலை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தது. திரும்பிப் பார்க்காமல் மரமேறிவிட்டது.

திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தன் அலகால் தோண்ட முடியாத வளையைக் குரங்கின் கையால் திறக்க வைத்த செம்போத்து, மிச்சக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கொத்தி விழுங்கிக்கொண்டிருந்தது.

மேலே செவலை எலிக்குஞ்சைப் பாம்பின் வாயருகே நீட்டியது.

"இதோ பார் கண்ணு! உனக்குப் பிடித்தது! சாப்பிடு!"

சாரைக்குட்டி நாக்கை ஒருமுறை நீட்டியது. தலையை உயர்த்தப் பார்த்தது. செவலையின் பிடி இன்னும் இறுகியது. குட்டி பயந்து தலையை உள்ளிழுத்துக்கொண்டது.

"சாப்பிடு! உனக்காக என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் தெரியுமா? சாப்பிட்டுத் தொலை!"

பாம்பு அசையவில்லை. இன்னொரு கையில் எலிக்குஞ்சு கீச்சிட்டது. பிறகு கீச்சிடவும் இல்லை. செவலை விரலைப் பிரித்துப் பார்த்தபோது அது சில்லிட்டுக் கிடந்தது.

கீழே ஓர் அலறல் கேட்டது. மொச்சை வந்துவிட்டது.

சிதறிய பஞ்சை மொச்சை முகர்ந்தது. வெறுமையான குழியைச் சுற்றிச் சுற்றி ஓடியது. மண்ணில் பதிந்திருந்த விரல் தடத்தைக் கண்டதும் அப்படியே நின்றது. மெல்ல அண்ணாந்து பார்த்தது.

"அக்கா... நீயா?"

செவலை இறங்கி வந்து செத்த குஞ்சைத் தரையில் வைத்தது.

"ஒன்றுதான் எடுத்தேன் தங்கச்சி. சத்தியமாக ஒன்றுதான்!"

"ஒன்றை எடுத்தாய். கதவை உடைத்து வைத்தாய். மற்றவை இருக்குமா?" என்று கேட்ட மொச்சை, குஞ்சை நக்கிப் பார்த்தது. "சரி, இதையாவது உன் பாம்பு சாப்பிட்டதா?"

"இல்லை..."

"சாப்பிடாது! என் அம்மாவை ஒரு பாம்பு விழுங்கியதை வேர்ச்சந்தில் ஒளிந்து பார்த்தவள் நான். யார் கையிலும் இருந்துகொண்டு பாம்பு இரையெடுக்காது. அதற்குத் தரை வேண்டும், மறைவு வேண்டும், தனிமை வேண்டும். நீ நெஞ்சோடு நசுக்கிக்கொண்டிருந்தால் எதைத் தந்தாலும் பட்டினிதான்!"

"தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?"

"எப்படிச் சொல்வேன்? கீழே இறங்கினால் அது என் வளைக்குத்தானே வரும்! சொல்லாமல் இருந்தால் என் பிள்ளைகள் பிழைக்கும் என்று நினைத்தேன்..."

மொச்சை செத்த குஞ்சைக் கவ்வி எடுத்தது. கோரைப்புல்லுக்குள் நுழைந்து போனது. அந்தக் குளக்கரைக்கு அது மறுபடி வரவே இல்லை.

 செவலை சாரைக்குட்டியைத் தரையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது.

குட்டி முதலில் நகரவில்லை. நாக்கை நீட்டி மண்ணைத் தொட்டது. மறுபடி தொட்டது. மெல்ல நெளிந்து தாழம்புதருக்குள் போய்விட்டது.

செவலை கிளையில் ஏறிக் காத்திருந்தது. வெயில் தணிந்த வேளையில் சருகு அசைந்தது. நீரோரம் உட்கார்ந்திருந்த சிறு தவளையைச் சாரைக்குட்டி சட்டென்று கவ்வியது. யாரும் ஊட்டாமல், யாரும் கெஞ்சாமல், கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியது. அதன் தொண்டை புடைத்து வயிற்றுப் பக்கம் இறங்குவதைச் செவலை மூச்சுவிடாமல் பார்த்தது.

"கண்ணு!" என்று கூப்பிட்டது.

பாம்பு மேலே பார்க்கவில்லை. தண்ணீரில் இறங்கி அக்கரைக்கு நீந்திப் போய்விட்டது. குட்டி சாப்பிட்டதற்குச் சந்தோஷப்படத்தான் செவலை நினைத்தது. ஆனால் தரையில் கிடந்த பஞ்சைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

இயல்பை அறியாமல் இறுக்கிப் பிடிக்கிற பாசம், பிடிபட்ட உயிரையும் வாட்டும், பக்கத்து வீட்டு உயிரையும் பலிவாங்கும்.