கண் திறந்த யாளி

ஊமத்தூர் ஜமீன்தாருக்கு எதைப் பார்த்தாலும் குறைதான். சித்திரக்காரர்களுக்கு வர்ணம் அரைத்துக் கொடுக்கும் பவளாயி, தர்பார் சுவரோரம் கரித்துண்டால் யாளி வரைந்து பழகுவதையும் ஒருநாள் பார்த்துவிட்டார்.

"சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, ஆட்டுக் கொம்பு! இது ஒட்டுப்போட்ட மிருகம். நான் பார்த்தே இராத ஒன்றை வரை. வரைந்துவிட்டால் இந்தச் சுவர் முழுக்க உனக்குத்தான். முடியாவிட்டால் ஊரைவிட்டே போய்விடு!"

"சரிங்க எசமான். அது எப்படி உறுமும், எப்படிப் பாயும்னு மட்டும் கொஞ்சம் காட்டுங்க."

விடுவாரா ஜமீன்தார்? கன்னத்தை உப்பினார். மீசையைச் சிலிர்த்தார். நாக்கைத் துருத்திக்கொண்டு ஆசனத்தின்மேல் ஏறி, "கர்ர்ர்!" என்று குதித்தார். தலைப்பாகை அவிழ்ந்து பின்னால் வாலாகத் தொங்கியது. பவளாயியின் கரித்துண்டு சுவரில் பறந்தது.

மூச்சு வாங்க வந்து பார்த்தார். உப்பிய கன்னம், சிலிர்த்த மீசை, தொங்கும் நாக்கு, தலையிலிருந்து ஒரு வால். கண் மட்டும் இல்லை.

"பலே! இப்படியொரு கோரத்தை என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. சுவர் உனக்குத்தான்! அதுசரி, கண் எங்கே?"

"கண்ணைக் கடைசியாத்தான் திறக்கணும், அது எங்க வழக்கமுங்க."

பவளாயி கண் திறந்தாள். ஒரு புருவத்தை உயர்த்தி, எதிலும் குறை தேடும் அதே பார்வை! தர்பாரே வாயைப் பொத்திக்கொண்டது.

அப்போதுதான் உள்ளே வந்த காவல்காரர், பதறிப்போய்ச் சுவரைப் பார்த்துக் குனிந்தார்.

"கும்பிடறேன் எசமான்!"