மேல்தோலுக்கு வந்த தண்டனை

வெகுகாலத்துக்கு முன்னே கொன்றையூர்ச் சீமையை வில்லவராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். கோபம் வந்தால் மட்டும் வாய் முன்னே ஓடும். மனசு மூச்சிரைக்கப் பின்னால் வரும்.

வேட்டைக்குப் போய் வெயிலில் காய்ந்து வந்தவருக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். பிள்ளைப் பருவத்திலிருந்து அவருக்கு முதுகு தேய்த்துவிடும் சடையன்தான் அன்றைக்கும் சீயக்காய் தேய்த்தார்.

"அசையாதீங்க சின்னய்யா!"

தோளிலிருந்து வெங்காயச் சருகு மாதிரி ஒன்று உரிந்து வந்தது. வலிக்கக்கூட இல்லை. ஆனால் தைலக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றவர் அரண்மனை வைத்தியர் அகோரம். ராஜா தன்னை விட்டுவிட்டுச் சடையனிடம் மனம்விட்டுப் பேசுகிறாரே என்று அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"ஐயோ பிரபு! திருமேனியின் தோலையே உரித்துவிட்டானே!"

ராஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "இவன் தோலையும் உரியுங்கள்!"

சொல்லி முடித்ததுமே மனசு வந்து சேர்ந்துவிட்டது. என்ன செய்ய? ராஜா சொன்னதைத் திரும்பப் பெறும் வழக்கம் அந்தச் சீமையில் கிடையாது. சடையன் கை நுரையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சபையில் ராஜா தலைநிமிரவில்லை. மந்திரி பெரியநாயகத்தை மட்டும், எப்படியாவது காப்பாற்று என்பதுபோல் பார்த்தார்.

மந்திரி அந்தச் சருகை வெற்றிலையில் வைத்து நீட்டினார். "வைத்தியரே, இது என்ன?"

"மேல்தோல். உடம்பைப் போர்த்தியிருக்கும் வெளிப்படலம்."

"இதில் ரத்தம் ஓடுமா? வலி தெரியுமா?"

"அதெல்லாம் கீழே, உள்தோலில்."

"அப்படியென்றால் இது உரிந்ததெல்லாம் ஒரு குற்றமா?"

வைத்தியர் பதறினார். "குற்றம்தான் மந்திரியாரே! மேல்தோலை உரித்தாலே தோலை உரித்ததுதான். சாஸ்திரத்தின்மேல் ஆணை!"

"நல்லது. சடையனுக்கும் இந்த அளவு உரித்தால் தண்டனை தீர்ந்தது. அளவு தெரிந்தவர் நீர்தான். எடும் சீயக்காயை!"

சபை குலுங்கிச் சிரித்தது. அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்துகட்டி, வியர்க்க விறுவிறுக்க வைத்தியர் தேய்த்தார். "குதிகாலை விட்டுவிட்டீரே!" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. சடையனுக்குப் பட்டுவேட்டி. கும்பிட்டு வாங்கிக்கொண்டார், சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ராஜாவின் தோளில் புதுத்தோல் மூடியிருந்தது. சடையனின் விரல்கள் அதன்மேல் பட்டும் படாமலும் போயின.

"அழுத்தித் தேயேன் சடையா, முன்னே மாதிரி."

"ஆகட்டும், மகாராஜா."

ராஜா கண்களை இறுக மூடிக்கொண்டார். சீயக்காய் பட்டுவிட்டதாக்கும் என்று நினைத்து, சடையன் அவசரமாகத் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.