மஸ்ட் என்று எழுதியவர்

எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் டீச்சர்தான் வயதில் சின்னவர். ஜெசிந்தா டீச்சருக்கு இருபத்தாறு. அருளானந்தம் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு. கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் ரூம் சூப்பர்வைசர். ஆனாலும் டீச்சர் உள்ளே வந்தால் முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான்.

அன்றைக்கு நின்றவர் உட்காரவில்லை. ஒரு கடிதத்தை நீட்டினார்.

"இதைத் திருத்திக் குடுங்க டீச்சர். என் இங்கிலீஷால ஒரு பொம்பளைக்கு வேலை போயிருச்சு."

ஹோட்டலில் தங்கிய ஒருவரின் வாட்ச் காணாமல் போயிருக்கிறது. அந்த ரூமைக் கூட்டியவள் பவுனுத்தாய். 'ஷி மஸ்ட் ஹேவ் டேக்கன் இட்' என்று மேனேஜருக்கு ரிப்போர்ட் எழுதியவர் இவர். அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். நேற்று லாண்டரியில், தலையணை உறைக்குள் வாட்ச் கிடைத்தது.

"மைட்னு போட வேண்டிய இடத்துல மஸ்ட்னு போட்டுட்டேன். இங்கிலீஷ் தெரியாம எழுதிட்டேன், அவளைத் திரும்பக் கூப்பிடுங்கன்னு இதுல கேட்டிருக்கேன்."

"அடப் பாவமே, ஒரு வார்த்தையில போச்சே!" என்று நான் உச்சுக்கொட்டினேன். எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும்.

டீச்சர் கடிதத்தைப் படித்தார். திருத்தவில்லை. சாக்பீஸை அவரிடம் கொடுத்தார்.

"வாட்ச் என்ன ஆகியிருக்கலாம்? மே, மைட், குட் எல்லாம் போட்டு போர்டுல எழுதுங்கண்ணே."

எழுதினார். உறையோடு லாண்டரிக்குப் போயிருக்கலாம். வந்தவரே காரில் விட்டிருக்கலாம். அவர் குழந்தை எடுத்து விளையாடியிருக்கலாம். இங்கிலீஷில் ஒரு பிழை கிடையாது.

"இன்னும்?"

எழுதியதைத் திரும்பப் படித்தார். "கடைசியா ரூமைப் பூட்டினது நான்தான். நானே எடுத்திருக்கலாம்னும் எழுதலாம்."

"எழுதுங்க."

அந்த வரி மட்டும் கோணலாக வந்தது.

"இதுல எதெல்லாம் அன்னைக்கு உங்க மனசுல வந்துச்சு?"

"ஒண்ணுமே வரல டீச்சர்."

"தமிழ்ல என்ன நினைச்சீங்க? 'எடுத்திருக்கலாம்'னா, 'அவதான் எடுத்திருப்பா'ன்னா?"

"அவதான் எடுத்திருப்பான்னுதான்."

"ஏன்?"

"அவ எந்தத் தெருவுல இருந்து வர்றான்னு..."

எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் போர்டுப் பக்கம் திரும்பி நின்றார். உச்சுக்கொட்டிய எனக்கே வெட்கமாகப் போயிற்று.

டீச்சர் கடிதத்தையும் ஒரு பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்க மஸ்ட் சரிதாண்ணே. 'இங்கிலீஷ் தெரியாம எழுதிட்டேன்'கிற வரியை அடிச்சுட்டு, இப்போ சொல்ல வந்ததை எழுதுங்க. ஸ்பெல்லிங் மட்டும் நான் பாக்குறேன்."